பலகையைப் பார்க்குமுன் ஜன்னலுக்குள் பாருங்கள்

உணவு வண்டியின் முன்னால் போய் நிற்கிற கூட்டம் முதலில் அண்ணாந்து பலகையைத்தான் பார்க்கும். இரண்டு நிமிடம் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தால் அதைவிட நிறைய தெரியும். உள்ளே நான்கைந்து மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம். அதற்குள் ஒரு இரும்புக் கல், ஒன்றோ இரண்டோ எண்ணெய்ச் சட்டி, இடுப்பளவு உயரத்தில் ஒரு குளிர்பெட்டி, கை கழுவ ஒரு தொட்டி, நல்ல தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் தனித்தனித் தொட்டி, சிலிண்டர், பல வண்டிகளில் ஒரு ஜெனரேட்டர். மிச்சமிருக்கும் இடத்தில் இரண்டு மூன்று பேர் முதுகு உரச நின்று வேலை பார்க்கிறார்கள். பெரிய ஓட்டலில் கிடைக்காத சூடும் ருசியும் இங்கே கிடைப்பதற்குக் காரணம் இந்த நெருக்கடி. அரை மணி நேரம் நின்று வாங்கியது நமத்துப்போய்க் கைக்கு வருவதற்கும் இதே நெருக்கடிதான் காரணம். நண்பர்களோடு நான்கு வண்டி, ஐந்து கையேந்திபவன் என்று ஒரு மாலையை ஓட்டப் போகிறீர்கள் என்றால், எந்த வண்டி என்ற விவாதத்துக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை, அந்த வண்டி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கச் செலவிடலாம்.

பலகையில் எத்தனை பெயர் என்று எண்ணுவதும் ஒரு சோதனைதான், ஆனால் எண்ணுகிற விதம் இருக்கிறது. இருபத்தைந்து பெயர் தொங்கினாலும், உற்றுப் பார்த்தால் நாலே சங்கதிதான், மேலே ஊற்றும் சாஸும் தூவும் பொடியும் மட்டும்தான் மாறுகிறது என்றால் கவலையில்லை. இருபத்தைந்தும் இருபத்தைந்து வகைச் சமையல் என்றால், அந்தக் குளிர்பெட்டியில் அத்தனைக்கும் இடமிருக்காது. பாதி உறைந்த பொட்டலமாக வந்து எண்ணெயில் விழுகிறது என்றே வைத்துக்கொள்ளலாம். ஐந்தாறு உருப்படி எழுதி, அதிலும் இரண்டை அடித்துவிட்டு ‘தீர்ந்துவிட்டது’ என்று எழுதியிருக்கும் வண்டி எனக்குப் பிடித்த வகை. அன்றன்றைக்குச் செய்து அன்றன்றைக்கு விற்கிறார்கள் என்று அர்த்தம்.

வண்டியில் வைத்துச் சாப்பாடு விற்பது புதிய யோசனை இல்லை. அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர் 1872-லேயே குதிரை வண்டியின் ஜன்னல் வழியாக, இரவு வேலை பார்க்கும் பத்திரிகைக்காரர்களுக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தார். புதிதாக வந்தது, வண்டியைத் தேடிப் போகும் பழக்கம். 2008-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ராய் சோய் கூட்டாளிகளோடு தொடங்கிய கோகி வண்டி, இன்றிரவு எந்தத் தெருமுனை என்பதை ட்விட்டரில் சொல்லியே கூட்டம் சேர்த்தது. இன்றைக்கும் வண்டியின் இடத்துக்கும் நேரத்துக்கும் நம்பகமான ஆதாரம் அன்றைய தேதியிட்ட அவர்களுடைய சொந்தப் பதிவுதான். வரைபடச் செயலியில் இருக்கும் ‘திறந்திருக்கும் நேரம்’ யாரோ எப்போதோ போட்டது. ஒரே பெயரில் இரண்டு வண்டி ஓடுவதும் உண்டு. கூட்டத்தில் பாதிப்பேர் ஒரு வண்டிக்கும் மீதிப்பேர் இன்னொன்றுக்கும் போய் நின்று, “நான் வந்துட்டேன், நீ எங்கடா?” என்று கத்திக்கொண்டிருப்பது அதனால்தான்.

எப்போது போவது? ஜன்னல் திறந்த முதல் இருபது நிமிடம் வேண்டாம். கல் முழுதாகக் காய்ந்திருக்காது, மாஸ்டர் கைக்கு இன்னும் ஓட்டம் வந்திருக்காது. புத்தம்புது எண்ணெயில் பொரித்தது வெளிறித்தான் வரும். கொஞ்சம் பயன்பட்ட எண்ணெய்தான் பொன்னிறம் தரும். கடைசி அரை மணி நேரமும் வேண்டாம். நல்லது தீர்ந்திருக்கும், மிஞ்சியதைத் தள்ளிவிடும் அவசரமும் இருக்கும், ஒரு பக்கம் கல்லைச் சுரண்டிக் கழுவ ஆரம்பித்திருப்பார்கள். திறந்த அரை மணிக்குப் பின், கூட்டம் உச்சத்துக்கு வருமுன் ஒரு இடைவெளி கிடைக்கும். அதில் நுழைய வேண்டும்.

வரிசையைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம், ஏமாறவும் வேண்டாம். ஐந்து நிமிடம் ஒதுங்கி நின்று, ஜன்னல் வழியாக எத்தனை ஆர்டர் வெளியே வருகிறது என்று எண்ணுங்கள். ஐந்து நிமிடத்தில் பத்து ஆர்டர் வந்தால் நிமிடத்துக்கு இரண்டு. உங்களுக்கு முன்னால் பதினாறு ஆர்டர் இருந்தால் எட்டு நிமிடம். ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-இல் கணித முறைப்படி நிரூபித்த விதிக்குள் அடங்கும் கணக்கு இது. ஆஸ்பத்திரி வரிசைக்கும் தொழிற்சாலைக்கும் இதே விதிதான். எல்லோரும் தவறுவது எண்ணிக்கையில். வரிசையில் நான்கு பேர்தான் நிற்கிறார்கள் என்று சந்தோஷமாகப் போய் நிற்போம். ஆனால் பணம் கட்டிவிட்டு, டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு, செல்போனைப் பார்த்தபடி பக்கத்தில் பன்னிரண்டு பேர் நிற்பார்கள். அவர்களும் நமக்கு முன்னால்தான். இன்னொரு பக்கம், பத்துப் பேர் நிற்கும் நீண்ட வரிசை மூன்றே குடும்பங்களாக, மூன்றே ஆர்டராக இருக்கலாம். தலையை எண்ணாமல் ஆர்டரை எண்ண வேண்டும்.

கூட்டமாகப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, எல்லாவற்றையும் ஒரே பில்லில் போடுவது. ஆறு உருப்படி ஒரே சீட்டில் போனால், ஆறும் முடிந்த பிறகுதான் ஜன்னலுக்கு வரும். முதலில் தயாரான உருளைக்கிழங்கு வறுவல், கடைசியாகக் கல்லில் கிடக்கும் இறைச்சிக்காக நாலைந்து நிமிடம் காத்துக் கிடக்கும். அந்த நாலு நிமிடத்தில் அதன் ஆயுள் முடிந்தது. இரண்டு சீட்டாகப் பிரித்து, ஆறியும் கெடாததை முதல் சீட்டிலும் பொரித்ததை இரண்டாவது சீட்டிலும் போடுங்கள். இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் ஆளைப் பிரித்து அனுப்பலாம். பொரிக்கும் வண்டிக்குப் போகிறவர் மட்டும் சற்றுத் தாமதமாக வரிசையில் சேர வேண்டும்.

எவ்வளவு வாங்குவது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. நான்கு பேர், நான்கு நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு தட்டு என்றால் மொத்தம் எட்டுத் தட்டு, ஆளுக்கு இரண்டு முழுத் தட்டு. ஒரு மாலை முழுக்க நடந்து சாப்பிடுகிற ஆளுக்கு அது போதும். “இன்னும் ஒண்ணு சொல்லிடலாம்” என்று ஒவ்வொரு இடத்திலும் மூன்று தட்டாக்கினால் ஆளுக்கு மூன்று முழுத் தட்டு ஆகிவிடும். மூன்றாவது நிறுத்தத்திலேயே எல்லோரும் வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார இடம் தேடுவார்கள். ஆறு பேர் என்றால் நிறுத்தத்துக்கு மூன்று தட்டு. ஆறுக்கு மேல் போனால் இரண்டு குழுவாகப் பிரிந்து வேறு வேறு வண்டியில் தொடங்கி நடுவில் சந்திப்பது நல்லது. எட்டுப் பேர் ஒரே தட்டைச் சுற்றி நின்றால் ஆளுக்கு ஒரு கடி, அதுவும் ஆறிய கடி.

இந்தக் கணக்கில் சேராத ஒரு ஆள் எல்லாக் கூட்டத்திலும் உண்டு. “எனக்கு ஒண்ணும் வேண்டாம்டா, உன்னோடதுல ஒரு வாய் போதும்” என்பார். அவருக்கும் ஒரு பங்கு வைத்தே ஆர்டர் போட வேண்டும். அந்த ஒரு வாய், நிறுத்தத்துக்கு நாலு வாய் வரும்.

பசி மட்டுப்பட்டதை உடம்பு உணர ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும் என்பார்கள். முதல் வண்டியில் பத்து நிமிடத்தில் வயிற்றை நிரப்பிக்கொள்வது அதனால்தான் சுலபம். இன்னொன்றும் இருக்கிறது. ஒரே ருசியைச் சாப்பிடச் சாப்பிட அந்த ருசியின் மேல் மட்டும் ஆசை குறையும், வேறு ருசியின் மேல் குறையாது. பார்பரா ரோல்ஸும் சக ஆய்வாளர்களும் 1981-இல் இதை ஆய்வில் காட்டினார்கள். வயிறு நிறைய உப்பும் காரமும் தின்றபின் ஐஸ்கிரீமுக்கு ‘தனி வயிறு’ வந்துவிடுவது இப்படித்தான். வண்டி வண்டியாகச் சாப்பிடும் நாளில் இதை நமக்குச் சாதகமாக ஆக்கிக்கொள்ளலாம். எண்ணெய்ப் பண்டம், அடுத்து புளிப்பானது, அடுத்து சுட்டது என்று மாற்றிப் போனால் நாக்கு சலிக்காது. இரண்டு நிறுத்தம் தொடர்ந்து பொரித்ததே என்றால் இரண்டாவது எவ்வளவு நன்றாக இருந்தாலும் சுமாராகத்தான் படும். பாவம், அந்த வண்டிக்காரர் மேல் தவறில்லை. காரமானதைக் கடைசிக்கு முந்தைய இடத்தில் வையுங்கள். முதலிலேயே நாக்கை எரித்துக்கொண்டால் பிறகு எதன் நுணுக்கமும் தெரியாது. மிளகாயின் எரிச்சலைத் தரும் கேப்சைசின் தண்ணீரில் கரையாது, ஆகவே தண்ணீர் குடித்துப் பயனில்லை. பால் சேர்ந்த எதுவும் உதவும், அதிலுள்ள கேசீன் புரதம் கேப்சைசினை நாக்கிலிருந்து பிரித்தெடுத்துக்கொண்டு போகும். நுரைக்கும் குளிர்பானத்தை முதல் நிறுத்தத்தில் வாங்காதீர்கள். காசு கொடுத்துக் காற்றை அடைத்துக்கொள்வதுபோல.

பொரித்த பண்டம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வண்டியில் அதிகம் விற்பதும் அதிகம் கெடுவதும் அதுதான். எண்ணெய் 175 முதல் 190 டிகிரி வரை இருக்க வேண்டும். அந்தச் சூட்டில் விழுந்த துண்டின் ஈரம் ஆவியாகிக் கொப்புளித்துக்கொண்டு வெளியேறும். ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வரை எண்ணெயால் உள்ளே அதிகம் நுழைய முடியாது. இப்போது ஜன்னல் வழியாகப் பாருங்கள். கூட்டம் அதிகமானதும் மாஸ்டர் கூடை நிறைய உறைந்த துண்டுகளைக் கொட்டுகிறார். சடசடவென்று இருந்த கொதிப்பு சட்டென்று அடங்கி முணுமுணுக்கிறது. எண்ணெயின் சூடு இறங்கிவிட்டது. வண்டியில் இருப்பது சின்னச் சட்டி, ஆகவே சூடு மீண்டு வரவும் நேரம் பிடிக்கும். மேல் ஓடு இறுகாமல், துண்டு வெந்த கிழங்குபோல் தொய்ந்து வரும். பாதிக் கூடை போட்டு, கொதிப்பு குறையாமல் பொரித்து எடுப்பவரிடம் ஐந்து நிமிடம் கூடக் காத்திருக்கலாம்.

எடுத்த பின்னும் கவனிக்க ஒன்று இருக்கிறது. பண்டம் குடிக்கும் எண்ணெயில் பெரும்பங்கு சட்டிக்குள் இருக்கும்போது ஏறுவதில்லை. வெளியே வந்து ஆறும்போது, உள்ளே இருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை இழுத்துக்கொள்கிறது. கூடையைத் தூக்கியதும் நாலு உதறு உதறி, பத்து வினாடி வடியவிட்டுப் பிறகு கொட்டுகிற கை, தொழில் தெரிந்த கை. தூக்கிய வேகத்தில் அப்படியே டப்பாவில் கவிழ்ப்பவரிடம் வாங்கினால் டப்பாவின் அடிக் காகிதம் கண்ணாடிபோல் ஆகிவிடும்.

அந்த டப்பாதான் அடுத்த வில்லன். மூடியை அழுத்தி மூடினால் ஆவி மேலே முட்டி, தண்ணீராகி, பண்டத்தின் மேலேயே சொட்டும். ஐந்தே நிமிடத்தில் மொறுமொறுப்பு போய்விடும். “அண்ணா, மூடி போட வேண்டாம். சாஸ் மேல ஊத்தாம தனியா குடுங்க” என்று பணம் கட்டும்போதே சொல்லிவிட வேண்டும், டப்பா கைக்கு வந்தபின் சொல்லிப் பயனில்லை.

எண்ணெய் பழசா என்பதை நிறத்தை வைத்து மட்டும் தீர்மானிக்க முடியாது. மசாலா தடவிய இறைச்சி பொரித்தால் நல்ல எண்ணெயும் சீக்கிரம் கறுக்கும். பண்டத்தை எடுத்த பிறகும் அடங்காமல் நிற்கும் நுரை, பொரிக்காத நேரத்திலேயே எழும் புகை, பெயின்ட்போல ஒரு வாடை, சட்டி விளிம்பில் பிசினாக ஒட்டியிருக்கும் படிவு, இவைதான் அடையாளம். எண்ணெய் சிதையும்போது உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீத அளவைத் தொட்டால் கொட்டிவிட வேண்டும் என்பது பல நாடுகளின் வரம்பு. அளக்கக் கையடக்கக் கருவிகூட உண்டு. அதையெல்லாம் நாம் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். மூக்கு போதும்.

சுத்தம் என்றதும் எல்லோரும் கையுறையைத் தேடுகிறார்கள். கையுறை போட்ட கையாலேயே காசு வாங்கி, செல்போனைத் தொட்டு, அப்படியே ரொட்டியையும் எடுத்தால் வெறும் கையைவிட அது எந்த விதத்திலும் மேலில்லை. கல்லாவில் ஒருவர், கல்லில் ஒருவர் என்று பிரிந்திருக்கிறார்களா, கை கழுவும் குழாயில் தண்ணீர் வருகிறதா, அதை யாராவது பயன்படுத்துகிறார்களா என்று பாருங்கள். ஜெல் பாட்டிலை மட்டும் நம்புவது சரியில்லை. வாந்தி வயிற்றுப்போக்கைத் தரும் நோரோவைரஸ் ஆல்கஹால் ஜெல்லுக்கு அவ்வளவாக அடங்காது, சோப்பும் தண்ணீரும் வேண்டும். இது சாப்பிடுகிற நம் கைக்கும் பொருந்தும். வண்டிக்கு அடியில் கழிவுநீர் சொட்டிக் குட்டை கட்டியிருந்தால் நகர்ந்துவிடலாம். அமெரிக்க உணவு விதித்தொகுப்பு, கழிவுநீர்த் தொட்டி நல்ல தண்ணீர்த் தொட்டியைவிட 15 சதவீதம் பெரிதாக இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறது. பொங்கி வழியக் கூடாது என்பதற்காகத்தான்.

சூடானது 60 டிகிரிக்கு மேல், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழ். நடுவில் கிடப்பதுதான் கிருமிக்கு விருந்து. எதிரே கல்லில் தீ படச் சமைத்துத் தருவதில் ஆபத்து குறைவு. முன்பே வேகவைத்துத் திறந்த பாத்திரத்தில் ஓரமாகக் கிடக்கும் சோறும் நூடுல்ஸும்தான் கவனிக்க வேண்டியவை. அவற்றில் வளரும் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியா விடும் ஒரு நச்சு, 121 டிகிரியில் 90 நிமிடம் வைத்தாலும் தாங்கும். கல்லில் இரண்டு புரட்டுப் புரட்டி ஆவி பறக்கக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இங்கே வேலைக்கு ஆகாது. மூடிய சூட்டுப் பாத்திரத்திலிருந்தோ குளிர்பெட்டியிலிருந்தோ எடுக்கிறாரா என்று பார்த்தால் போதும். தீயே படாமல் தட்டுக்கு வரும் நறுக்கிய காய், மயோனைஸ், ஐஸ் கட்டி, இவை மூன்றும் அடுத்த வரிசையில். கூட்டம் வேகமாக நகரும் வண்டியில் எதுவும் நீண்ட நேரம் கிடக்காது என்பது ஒரு பாதுகாப்பு. கூட்டமே சுத்தத்துக்குச் சான்று ஆகிவிடாது.

கூட்டத்தில் சைவம் சாப்பிடுகிறவரோ, நிலக்கடலையோ இறாலோ ஒத்துக்கொள்ளாதவரோ இருந்தால், “இது சைவமா?” என்ற கேள்வி போதாது. ஆமாம் என்றுதான் பதில் வரும், அது பொய்யும் இல்லை. “அண்ணே, இதே எண்ணெய்லதான் மீனும் பொரிக்கிறீங்களா? கல்லும் கரண்டியும் ஒண்ணுதானா?” என்று கேட்க வேண்டும். ஒரே சட்டி இருக்கும் வண்டியில் பதில் ஆமாம் என்பதாகத்தான் இருக்கும், இடம் அவ்வளவுதான். சைவக்காரர் அதைச் சகித்துக்கொள்வதா வேண்டாமா என்பது அவர் இஷ்டம். கடுமையான ஒவ்வாமை உள்ளவர் அந்த வண்டியைத் தவிர்ப்பதுதான் சரி, பிரிக்காத பொட்டலமாக அப்படியே தரும் பண்டத்தைத் தவிர.

பகிர்ந்து சாப்பிடுவதிலும் சூட்சுமம் இருக்கிறது. எண்ணிக்கையில் வரும் பண்டம் தானே பிரிந்துவிடும். சுருட்டியதையும் ரொட்டிக்கு நடுவில் வைத்ததையும் கையால் பிய்த்தால் உள்ளே இருப்பது கீழே விழும். “நடுவுல வெட்டிக் குடுங்க” என்று சொன்னால் உள்ளேயே நல்ல கத்தியால் வெட்டித் தருவார்கள். நூடுல்ஸுக்கு இரண்டு காலிக் கிண்ணம் கேட்டு வாங்குங்கள். சூப்பும் உருகும் பண்டமும் பகிர ஏற்றவை அல்ல. நின்றுகொண்டு சாப்பிடுவதால் ஒரு கையில் பிடிக்கக்கூடியது ஒன்றும் இரண்டு கையும் வேண்டியது ஒன்றுமாக வாங்கினால் யாராவது ஒருவர் டப்பா பிடிக்க மிஞ்சுவார். ஆளுக்கொரு கரண்டி, ஈரத்துடைப்பான், தண்ணீர் பாட்டில், குப்பை போட ஒரு பை வீட்டிலிருந்தே கொண்டு போகலாம், வண்டியில் தரும் மரக்கரண்டி பாதியில் முறியும். ஜெனரேட்டர் புகை வருகிற பக்கம் நிற்காதீர்கள். காற்றடிக்கும் திசையைப் பார்த்து எதிர்ப்பக்கம் நில்லுங்கள், வாடைக்காக மட்டுமல்ல, அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது.

மிஞ்சியதைப் பார்சல் கட்டுவதென்றால், சமைத்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போக வேண்டும், வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரே மணி நேரம். முதல் வண்டியில் கட்டியதைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நாலு வண்டி சுற்றினால் அது கணக்கைத் தாண்டிவிடும். கட்டுவதானால் கடைசி நிறுத்தத்தில்.

பணம் ஒவ்வொரு ஜன்னலிலும் ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுக்கக் கூடாது. பின்னால் நிற்பவர் முறைப்பார், சில்லறையும் இருக்காது. நிறுத்தத்துக்கு ஒருவர் என்று மாறி மாறிக் கொடுத்து, செல்போனில் குறித்து வாருங்கள். க்யூஆர் கோடு வேலை செய்யாத இடத்துக்காக யாராவது ஒருவர் ரொக்கம் வைத்திருக்க வேண்டும். கடைசியில் மொத்தத்தை ஆள் எண்ணிக்கையால் வகுத்து, அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தவர், குறைவாகக் கொடுத்தவர் என்று பிரித்தால், ஐந்து பேர் கணக்கு அதிகபட்சம் நான்கே பரிமாற்றத்தில் முடியும். அதற்கு மேல் போகிறதென்றால் எங்கோ தேவையில்லாத பரிமாற்றம் நடக்கிறது. வகுக்கும்போது, ஒன்றும் வேண்டாம் என்ற அந்த ஆளையும் சேர்த்தே வகுக்கவும்.